அட்வான்ஸ் நோட்டு

மகாளய அமாவாசை முடிந்த மறுநாள்
காட்பாடி ஸ்டேஷனில்
இறங்குகிறவர்களைவிட ஏறுகிறவர்கள் கூடிவிடுவார்கள்.
ஹவுரா வண்டி கிளம்பினால்
எங்கள் தெருவில் பாதி கிளம்பிவிட்டது.
டாக்டர் கொடுத்த தேதி அடுத்த மாதம்;
துர்கை கொடுத்த தேதி அதற்கு முன்னால்.

அறுபத்துமூன்று குக்கரும் ஒன்றாக வீடு திரும்புவது
வருஷத்தில் இந்த ஒரு வாரம்தான்.
இருபத்தேழு இண்டக்‌ஷன் அடுப்பு,
கடுகெண்ணெய் வாசம் போகாத வாணலிகள்,
மீன் வெட்டும் அரிவாள்மணை நாலு.
'பாத்திரம் வாடகைக்கு' என்று
தமிழிலும் வங்காளத்திலும் எழுதிய போர்டுக்குக் கீழே
நான், ஒரு ஃபேன்.
எதிரே மருந்துக்கடை குணசீலன்
கல்லாவின்மேல் கன்னம் வைத்துத் தூங்குகிறார்.

போன வருஷம் நானும் சும்மாதான் இருந்தேன்.
பத்து நாளும் வாசலையே பார்த்தபடி,
பார்த்தால் ஆள் வரும் என்பதுபோல.
பதினோராம் நாள் வந்தார்கள், நெட்டித் தள்ளிக்கொண்டு.
குக்கர் பாதி விசில் அடிக்கவில்லை.
மனைவியைக் காலையில் பயாப்ஸிக்கு விட்டுவிட்டு
இரவில் வேகாத அரிசியோடு வந்து நின்ற ஒருவர்
அவர் பாஷையில் ஏதோ சொன்னார்.
அர்த்தம் தெரியவில்லை.
புரியாமலும் இல்லை.

ஆகவே இந்த வருஷம்
கேஸ்கட்டையெல்லாம் வெந்நீரில் போட்டு
நீண்டுபோனதைக் கழித்தேன்.
வெயிட்டின் ஓட்டைகளில் ஊசி விட்டேன்.
எந்த ஊர் பருப்போ, கல்லாய்க் கிடந்தது.
அடிப்பிடித்த வாணலிக்குப் புளியும் கல்லுப்பும்.
லாட்ஜ் லாட்ஜாய் ஏறி
மூன்றாம் மாடி நசீருதீனிடமிருந்து
எட்டு மாதமாய் அவர் டீ போட்டுக்கொண்டிருந்த
என் பாத்திரத்தை மீட்டேன்.
ஆயுத பூஜையன்று அறுபத்துமூன்றுக்கும் பொட்டு.
கைப்பிடி உடைந்ததற்குக் கொஞ்சம் பெரிதாக.

அதற்கப்புறமும் இரண்டு நாள் மிச்சமிருந்தது.

அட்வான்ஸ் நோட்டைத் தூசி தட்டுவதாகத்தான் எடுத்தேன்.
பதினேழு பேர்
ஐந்நூறு ஐந்நூறு ரூபாயைத் திரும்பி வாங்காமல் போயிருக்கிறார்கள்.
பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டு,
சிலர் கழுவாமல்.
ஐந்நூறு ரூபாயை மறக்கிற அவசரம்
ஆஸ்பத்திரித் தெருவில் என்னவென்று எனக்குத் தெரியும்.
யாவாரம் இருந்தவரை நல்ல சாக்கு இருந்தது,
'இன்னைக்கு நேரமில்ல' என்று.

முதல் மூன்று எண்களும் உபயோகத்தில் இல்லை.
நாலாவது எண்ணில் ஒரு ஆண்.
வேலூர் என்றதும் பேசவில்லை.
நானும் பேசவில்லை.
பின்னால் ஒரு பூஜைப் பந்தலின் மேளம்.
'நீங்களே வெச்சுக்குங்க' என்றார் இந்தியில்,
மெதுவாக, என் குழந்தைகளை விசாரிப்பதுபோல.
அதை எந்தப் பத்தியில் எழுதுவது?
பென்சிலால் ஒரு புள்ளி வைத்தேன்.

மூடிவிடலாம் என்றிருந்தது.
விரல் ஏற்கெனவே ஐந்தாவதை அழுத்தியிருந்தது.
ஜல்பாய்குரி. சுப்ரியா மண்டல்,
அறை பதினாலு, இரண்டு லிட்டர் குக்கர் ஒன்று.
எடுத்தது ஒரு சிறுமி.
என்னிடம் இருப்பதெல்லாம் கடைக்கு வேண்டிய வங்காளம்:
எவ்வளவு, சின்னது, பெரியது, சமையல், மீன்.
அம்மா என்பதற்கு அங்கேயும் மா.
'மா?' என்றேன்.
'மா ரான்னா கொர்ச்சே' என்றாள்,
இதெல்லாம் ஒரு கேள்வியா என்கிற குரலில்.

ரான்னா.
என் போர்டிலேயே இருக்கிற வார்த்தை.
அம்மா சமைத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்புறம் அந்தப் பக்கம் ஒரு விசில்.
இரண்டாவது சற்றுத் தாமதம்.
கேஸ்கட் மாற்றச் சொல்ல வேண்டும், எப்படிச் சொல்வது,
அதற்குள் குழந்தை போனை வைத்துவிட்டது.

குணசீலன் எழுந்து கண்ணைத் தேய்த்துக்கொண்டே
இரண்டு டீ சொன்னார்.
'இன்னாம்மா, போணி ஆச்சா?'

'ஐந்நூறு ரூவா திருப்பித் தரணும்'
என்றேன்.
இன்னும் பன்னிரண்டு பெயர் இருந்தது.
டீ ஆறட்டும் என்று
ஆறாவது எண்ணைப் போட்டேன்.